உனக்குப் பதிலாக நான் சொன்னது

என் அன்பு மகள் சீமாட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம், நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று எழுதப் போன கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன். உன் நலத்தையும் நானே எழுதிக்கொண்டால் அப்புறம் உனக்கு எதற்குக் கடிதம்? அதனால் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய் அம்மா? இடது முட்டி வலி குறைந்ததா? ஆபீஸில் லிஃப்டைச் சரி பண்ணிவிட்டார்களா, இல்லை இன்னும் இரண்டு மாடி ஏறிப் போய்த்தான் மாற்றுத்திறனாளிகளுக்குக் கொள்கை எழுதிக்கொண்டிருக்கிறாயா? தினமும் சாயங்காலம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் போடுகிறான் என்று கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்ப்பாய். காரணம் இருக்கிறது. போனில் நீ ஒரு வார்த்தையை ஆரம்பித்து முடிப்பதற்குள் நான் மூன்று வாக்கியம் பேசிவிடுகிறேன், அதுவும் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு ஜன்னல் திரை கிழிந்ததையும் தண்ணீர் வராததையும் பேசுகிறேன். கடிதத்தில் என்றால் நான் முழுசாகச் சொல்லலாம், நீ முழுசாகத் திட்டலாம், குறுக்கே யாரும் புகுந்து பேச முடியாது. கடைசிவரை படி, பாதியில் மடக்கி வைத்துவிடாதே, பாதிக்குமேல்தான் விஷயமே இருக்கிறது.

வீட்டில் எல்லாம் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது, அதுதான் கஷ்டம். நடைவழியில் உன் உயரத்துக்கு நான் பொருத்தின கைப்பிடிக் கம்பியை வாரம் ஒரு முறை துடைக்கிறேன், முன்னெல்லாம் உன் கை பட்டுப் பட்டு மினுமினுவென்று இருக்கும், இப்போது தூசிதான் வருகிறது. வாசல் படிக்குப் பக்கத்தில் போட்ட சாய்வுப் பலகையில் நான்தான் ஏறி இறங்குகிறேன், படி பக்கத்திலேயே இருக்கிறது, கால் என்னவோ பலகைக்குத்தான் போகிறது. காலையில் முட்டை வேகப்போடும்போது கை இரண்டை எடுக்கிறது, எடுத்தாயிற்றே என்று இரண்டையும் நானே தின்றுவிடுகிறேன், அத்தை வந்து பார்த்துவிட்டு, பொண்ணு போன கவலைல அண்ணன் தொப்பை போட்டுட்டாருன்னு ஊரெல்லாம் சொல்றேன்கிறாள். வாரநாட்கள் எப்படியோ ஓடிவிடும், ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். மேஜை கிடையாது, படிவம் கிடையாது, தெருவில்கூட ஆள் நடமாட்டம் குறைவு. நீ சிரிக்கக்கூடாது, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கேட்கிற மாதிரி நானே கேட்டுக்கொண்டேன், என்னப்பா, சாப்பிட்டீங்களா என்று. சாப்பிட்டேம்மா என்று நானே பதிலும் சொன்னேன். அப்புறம் அது பழகிவிட்டது. பக்கத்து வீட்டு டிரைவர் வாசலில் நிறுத்தி, பொண்ணு வந்திருக்கா சார், பேச்சுச் சத்தம் கேட்டுச்சே என்று கேட்டார், ரேடியோ என்று சொல்லித் தப்பித்தேன். அம்மா போனபோதுகூட நீ பக்கத்தில் இருந்தாய், பன்னிரண்டு வருஷம் நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஓட்டிவிட்டோம். இந்த ஆறு மாதமாகத்தான் தனியாக இருக்கிறேன் கண்ணு, ரொம்பத் தனியாக இருக்கிறேன். இதை உன் மனசைக் கரைப்பதற்காக எழுதவில்லை, நான் செய்த காரியம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

என் தொழில் உனக்குத் தெரியும், இருந்தாலும் இந்த வாரம்தான் அதைத் தள்ளி நின்று பார்த்தேன். அரசாங்க அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு பேனா, முப்பத்தொரு வருஷம். வருகிறவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஐயா என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கையிலிருக்கிற அட்டையைப் பார்த்து ஆறு கட்டத்தை நிரப்பியிருப்பேன். பேனாக்காரர்கிட்ட போனா அஞ்சு நிமிஷம் என்று பெயர் வாங்கியதே அதனால்தான். யாரையும் பேச விடாததற்குக் கிடைத்த பெயர் அது என்று எனக்கு உறைத்ததே இல்லை. உன் விஷயத்தில் இன்னும் மோசம். உன் பேச்சு மற்றவர்களுக்குப் புரிய நேரமாகும், எனக்கு மட்டும் சட்டென்று புரியும், அதில் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. டாக்டர், டீச்சர், பஸ் கண்டக்டர் யாரானாலும் உன்னை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துத்தான், என்ன சார் சொல்றாங்க என்பார்கள். நானும் பெரிய மொழிபெயர்ப்பாளன் மாதிரி எடுத்துச் சொல்வேன். நீ சொன்னதைச் சொன்னேனா, நீ சொல்லப்போவதாக நான் நினைத்ததைச் சொன்னேனா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இந்தப் பயிற்சிப் பணிக்கு நீ தேர்வானபோது சேர்க்கைப் படிவம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மேற்படிப்பு முடித்தவர்களில் நான்கே பேரைத்தான் எடுத்திருந்தார்கள், அதில் ஒருத்தி என் மகள் என்று டீக்கடைவரை தம்பட்டம் அடித்தேன். கொள்கை என்றால் என்னவென்று விளக்கத் தெரியாமல் சட்டம் எழுதப் போறா என்று சொல்லி வைத்தேன், டீக்கடைக்காரர் இன்றுவரை உன்னை ஜட்ஜ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து நான்தான் நிரப்பினேன், நீ பக்கத்தில் உன் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பயிற்சியாளரின் தொடர்பு எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் எண்ணை எழுதினேன். வேண்டுமென்று எழுதவில்லை, கை தானாகப் போனது, உன் பள்ளிக்கூடம் தொட்டு எல்லாப் படிவத்திலும் அப்படித்தானே எழுதியிருக்கிறேன். நீ பார்த்தாய், ஏதோ சொல்ல வாயெடுத்தாய், அதற்குள் நான் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு உன் ஆபீஸிலிருந்து எனக்குப் போன் வந்தது. உன் துணை இயக்குநர் மேடம்தான். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சார், இருபது நாள் டூர், சின்னச் சின்ன ஊர்லயெல்லாம் உக்காந்து மாற்றுத்திறனாளிகள் சொல்றதைக் கேட்டு எழுதணும், பஸ், படிக்கட்டு, லாட்ஜ் எல்லாம் இருக்கும், உங்க பொண்ணால முடியுமா, அவங்களையே கேட்டா முடியாதுன்னு சொல்லச் சங்கடப்படுவாங்களோன்னு படிவத்துல இருந்த உங்க நம்பருக்குக் கூப்பிட்டேன் என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மேடம், அவ உங்க பக்கத்து ரூம்லதான் இருக்கா, போய்க் கேளுங்க என்று சொல்லிப் போனை வைத்திருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. வேண்டாம் மேடம், அவளுக்கே இஷ்டமில்லை, என்கிட்ட சொல்லி வருத்தப்பட்டா, உங்ககிட்ட சொல்லத் தயங்குறா, நீங்களும் அவகிட்ட கேட்டுக்காதீங்க என்று சொன்னேன். அத்தனையும் பொய். நீ அந்த டூரைப் பற்றி என்னிடம் பேசியதெல்லாம் ஆசையோடு பேசியதுதான். எந்த ஊருக்கு எந்த பஸ், எந்த லாட்ஜில் கீழ்த்தளத்தில் ரூம் இருக்கிறது என்று நீயே விசாரித்து வைத்திருந்தாய்.

படிக்கட்டுக்குப் பயந்து சொன்னேன் என்று எழுதிப் பூசி மெழுகிவிடலாம், எழுதியும் பார்த்தேன், கிழித்துப் போட்டுவிட்டேன். படிக்கட்டு உனக்குப் புதுசா? கல்லூரியில் மூன்று வருஷம் ஊன்றுகோலோடு ஏறாத படியா? டூர் அறிக்கை எழுதுகிறவர்களைத்தான் பயிற்சி முடிந்ததும் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று நீதான் சொல்லியிருந்தாய். வேலை கிடைத்துவிட்டால் நீ அங்கேயே தங்கிவிடுவாய். நான் காலண்டரில் மீதி நான்கு மாதத்தைப் பென்சிலால் அடித்துக்கொண்டு வருகிறேன், அந்த நான்கு மாதம் நாற்பது வருஷமாகிவிடும் என்று பயந்துவிட்டேன். அவ்வளவுதான். உன்னால் முடியாது என்று அல்ல, என்னால் முடியாது என்றுதான் சொன்னேன், ஆனால் உன் பெயரில் சொல்லிவிட்டேன்.

போன வாரம் வியாழக்கிழமை நீ போனில் சொன்னாய், மூணு பேரையும் எடுத்துட்டு என்னை மட்டும் விட்டுட்டாங்கப்பா, கேட்டா உங்க வசதிக்குத்தான்னு சொல்றாங்க, என் வசதியை யார்கிட்ட கேட்டாங்கன்னு தெரியலப்பா என்று. அந்த வாக்கியத்தை நீ சொல்லி முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது, அன்றைக்கு மட்டும் நான் குறுக்கே பேசவில்லை. கடைசியில் என்ன சொன்னேன், போனாப் போகுது விடும்மா, உடம்புதான் முக்கியம் என்றேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைதான் உன் தபால் வந்தது. நீங்க படிவம் எழுதுற ஆளாச்சே, என் வாக்கியம் சாதாரண ஜனங்களுக்குப் புரியுதான்னு பார்த்துச் சொல்லுங்க என்று அலுவலகங்களுக்காக நீ தயாரித்த விதியின் நகலை அனுப்பியிருந்தாயே, அதுதான். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். கேள்வியை உரியவரிடமே கேட்க வேண்டும், உடன் வந்தவர் பதில் சொல்லிவிட்டாலும் உரியவரிடம் மறுபடி கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே எழுத வேண்டும் என்று இருந்தது. திருத்த ஒன்றும் இல்லை, தெளிவாக இருக்கிறது. கீழே உதாரணம் கொடுத்திருந்தாய். ஒரு பெண்ணை அவள் தந்தை வாரா வாரம் பிசியோதெரபிக்கு அழைத்துப் போவார், திரும்பும்போது ஜூஸ் கடையில் நிறுத்துவார், முதல் தடவை போனபோது ஆரஞ்சு மட்டும்தான் இருந்தது, அதற்கப்புறம் பதினொரு வருஷம் அவளைக் கேட்காமலே ஆரஞ்சு வாங்கித் தந்தார், அவளுக்கு ஆசை பக்கத்தில் அடுக்கியிருந்த சோடா மேல், ஆனால் சொல்லி முடிப்பதற்குள் ஜூஸ் கைக்கு வந்துவிடும், அவர் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தைப் பார்த்துக் குடித்துவிடுவாள் என்று எழுதியிருந்தாய். பெயர் போடவில்லை. போடவா வேண்டும்? உறிஞ்சுகுழல் போட்டு, ஐஸ் இல்லாம, இனிப்புக் கம்மியா என்று கடைக்காரருக்குப் பாடம் எடுத்த மடையன் நான்தானே. நீ கோபமாக எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அன்பான தந்தை என்று வேறு எழுதியிருக்கிறாய். அன்று சாயங்காலம் அந்தக் கடைக்கு நடந்தே போய் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கடைக்காரர், பொண்ணு எங்க சார், ஆரஞ்சு போடட்டுமா என்று கேட்டார். அவ ஊர்ல இல்லைப்பா, அவளுக்கு ஆரஞ்சு பிடிக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மேஜைக்கு ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார், முப்பது வயசு இருக்கும், உன்னை மாதிரியே பேச்சு இழுக்கும், கை கொஞ்சம் மடங்கியிருக்கும். சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும். தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் அந்த அம்மா, ஒண்ணும் இல்லைன்னு போடுங்க என்றார். பேனா பேப்பர் வரைக்கும் போய்விட்டது, அங்கேயே நிறுத்தினேன். நீங்க சொல்லுங்க தம்பி, என்ன வேலை பாக்குறீங்க என்று அவரைக் கேட்டேன். அவர் முதலில் அம்மாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், அப்புறம் ஆரம்பித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள், ஜெராக்ஸ்காரம்மா, என்ன பேனாக்காரரே இன்னிக்குப் பேனா மக்கர் பண்ணுதா என்று கிண்டல் பண்ணினார். எனக்கு இரண்டு தடவை வாய் துடித்தது, நாமே முடித்துக்கொடுத்துவிடலாமா என்று, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபேன் ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர், தெருவுல எல்லார் வீட்டுதும் நான்தான் பாக்குறேன் என்று சொல்லி முடித்தார். அதெல்லாம் ஒரு தொழிலா என்று அவர் அம்மா சிரித்தார். நான் எழுதினேன், மின்சாதனங்கள் பழுதுபார்ப்பவர் என்று, என் கையெழுத்திலேயே அழகான கையெழுத்தில் எழுதினேன். அவர் அதைக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். உன் விதி வேலை செய்கிறது கண்ணு. கூட்டம் கொஞ்சம் திட்டும், மற்றபடி வேலை செய்கிறது.

அன்றைக்கே அத்தையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என்னைத் தேற்றுவாள் என்று போனவனுக்கு நன்றாகக் கிடைத்தது. அவகிட்ட சொல்ல வேண்டியதை என்கிட்ட வந்து சொல்லி அழுதா ஆச்சா, போன் நம்பர் மறந்து போச்சா என்றாள். கோபமாகத்தான் எழுந்து வந்தேன், ஆனால் அவள் சொன்னது சரி. புதன்கிழமை மேடத்துக்கே போன் பண்ணிப் பொய்யை ஒத்துக்கொண்டு, அவ வருவா மேடம், அவளைச் சேர்த்துக்கோங்க என்று கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். எண்ணைப் போட்டேன், மணியும் அடித்தது. அப்போதுதான் உறைத்தது, வரமாட்டாள் என்று சொன்னவனும் நான், வருவாள் என்று சொல்லப்போகிறவனும் நான், இதில் நீ எங்கே இருக்கிறாய்? அங்கே எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். இந்தத் தடவை பயந்து வைக்கவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், மனு எழுதுகிற தாளிலேயே எழுதியிருக்கிறேன். மேல்பாதியில், பயிற்சியாளர் பயணத்துக்கு விருப்பமில்லை என்று சொன்னதாக நான் தெரிவித்தது உண்மையல்ல, அவரை நான் கேட்கவே இல்லை, படிவத்தில் அவர் எண்ணுக்குப் பதிலாக என் எண்ணை எழுதியதும் என் தவறு என்று தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கீழ்ப்பாதியில் பயணம் குறித்துப் பயிற்சியாளரின் விருப்பம் என்று தலைப்பு மட்டும் எழுதி, கோடு போட்டு, இடத்தை விட்டிருக்கிறேன். டூர் கிளம்ப இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, விரைவுத் தபாலில் போடுகிறேன், நான்கு நாளில் வந்துவிடும். அந்தத் தாளை மேடத்திடம் கொடுப்பதோ, கிழித்துப் போடுவதோ, நேரில் போய் நின்று பேசுவதோ உன் பாடு. அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று எனக்கு ஆயிரம் தோன்றுகிறது, ஒன்றையும் எழுதவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் நான் பூர்த்தி செய்யாமல் கொடுக்கிற முதல் தாள் இதுதான்.

என் மேல் கோபம் வரும். வரட்டும். பேசாமல் இருக்க வேண்டும் என்றால் இரு, எத்தனை நாள் என்று நான் கேட்கமாட்டேன். வேலை கிடைத்து அங்கேயே இருந்துவிட்டாலும் என்னை நினைத்து எதையும் பாதியில் விடாதே. நான் தனியாகத்தான் இருப்பேன், வருத்தமாகத்தான் இருக்கும், இல்லை என்று உன்னிடம் இனி ஒரு பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது என் கட்டம், அதை நான் நிரப்பிக்கொள்கிறேன். காலண்டரில் போட்ட பென்சில் கோடுகளை ரப்பரால் அழித்துவிட்டேன், கொஞ்சம் கறை மட்டும் இருக்கிறது.

நீ பேசி முடிக்கும்வரை காத்திருக்கிற மனிதர்கள் போகிற இடமெல்லாம் உனக்கு வாய்க்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். அம்மா இருந்திருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள் என்று எழுத வந்தது, அவளுக்குப் பதிலாகவும் நான் எதற்குப் பேச வேண்டும், அவளையாவது விட்டுவைக்கிறேன். டூர் போனாலும் போகாவிட்டாலும் இடதுபக்க ஊன்றுகோலின் அடி ரப்பரை மாற்றிவிடு, நீ அந்தப் பக்கம் சாய்ந்து நடப்பதால் அதுதான் முதலில் தேயும், ஈரத் தரையில் வழுக்கும். புதுசு ஒன்று உன் நீலப் பையின் சின்ன ஜிப்பில் நான் வைத்து அனுப்பியது அப்படியே இருக்கும்.

கோபம் ஆறினால், எப்போது ஆறுகிறதோ அப்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணு. எடுத்து ஹலோ என்று மட்டும் சொல்வேன். மற்றதெல்லாம் நீ சொல், மெதுவாகவே சொல், நான் எங்கேயும் போகப்போவதில்லை.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்
உன் அப்பா